வியாழக்கிழமை விரிப்பு

பலீலா டீச்சரின் வீட்டில் மடிக்காத துணிகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. மகன் அப்ஹாம் மெல்பர்னுக்குப் படிக்கப் போனபோது காலியான அறை அது. கொடியிலிருந்து எடுத்த துணிகளை இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவனுடைய கட்டிலில் போட ஆரம்பித்தாள். அந்த இப்போதைக்கு ஏழு வருஷமாகிவிட்டது. இன்று அங்கே கட்டில் இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள்தான் நம்புவார்கள்.

ஆனால் வெள்ளவத்தையில் வீட்டு வேலையைப் பற்றிப் பேசுவதற்கு அவளை விட்டால் ஆளில்லை. இஸ்லாம் பாட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில், நாலு மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் வீடு. வியாழக்கிழமை தோறும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முப்பது பெண்கள் வந்து அவளுடைய ஹோலில் உட்கார்ந்து அவள் சொல்லும் பயானை, மார்க்க உபதேசத்தை, கேட்பார்கள். அவளுடைய பயானில் வானமும் சமுத்திரமும் வராது. அடிப்பிடித்த சட்டி வரும், ஃபிரிட்ஜின் பின்பக்கத்துத் தூசி வரும்.

"ஸிங்க் அடச்சிட்டா தண்ணியையா ஏசுவீங்க?" என்று கேட்பாள். "அடச்சிக்கிட்டு ஈக்கிறது என்னண்டு கைய உட்டுப் பாக்க மாட்டீங்களா? கேட்ட துஆ கபூலாகல்ல, கெடைக்கல்ல எண்டு அல்லாஹ்வக் கொற செல்லாதீங்க. உள்ளுக்கு என்ன அடச்சிக்கிட்டு ஈக்கெண்டு பாருங்க."

குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொல்வாள். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஸிங்கைக் கழுவுவார்கள். பலீலாவின் ஸிங்க் மட்டும் அப்படியே அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பாடமே அங்கேயிருந்துதான் வந்தது. செய்யாமல் விட்ட வேலை ஒவ்வொன்றிலும் அவளுக்கு ஒரு பயான் கிடைத்தது. வேலையைச் செய்து முடித்தால் பயானுக்கு விஷயம் எங்கே போவது? இது அவளுடைய கணவர் ராசிக் ஒரு தடவை சொன்னது. அதற்கு அவள் மூன்று நாள் பேசவில்லை. பிறகு, கோபத்தை அடக்குவது பற்றி ஒரு பயான் செய்தாள்.

பயானை வாட்ஸப்பில் போடுவது பஹ்மியா. இரண்டாம் மாடிக்காரி, டீச்சருடைய வாயிலிருந்து விழும் சொல் எதையும் தரையில் விழவிடாதவள். 'குசினியில் ஒரு பாடம்' என்ற அந்தக் குழுவில் கொட்டாஞ்சேனையிலிருந்து டோஹா வரைக்கும் நானூறு பெண்கள் இருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கதவைத் தட்டியதும் பஹ்மியாதான். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், குல்தூம் தாத்தா மவுத்து. விடியச் சுபஹோட போய்ட்டாங்க."

மூத்த பெண்ணைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். நாலாம் மாடியில் தனியாக இருந்த உம்மு குல்தூமை முழுக் கட்டடமும் அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு கிழமையாகக் காய்ச்சல், நெஞ்சுச் சளி. மகள் ஷிம்னா ஹெந்தளையிலிருந்து வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று பலீலாவும் நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். திங்கட்கிழமை லிஃப்ட் வரை போனாள். "லிஃப்ட் வெட நே, மிஸ்" என்று காவற்காரர் சொன்னார். லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் முழங்கால் என்ன செய்யும்? நாளைக்குப் போகலாம் என்று திரும்பிவிட்டாள்.

"இன்னா லில்லாஹி" என்றாள் பலீலா. கதவைப் பிடித்துக்கொண்டாள். 

வலிக்கும் முழங்காலோடு நாலாம் மாடி வரை ஏறினாள். ஹோலில் கிடத்தியிருந்தார்கள். சிறிய உடம்பு, இன்னும் சிறுத்துப் போயிருந்தது. முகம் மட்டும் வியாழக்கிழமைகளில் முன்வரிசை ஓரத்தில் தெரியும் அதே முகம், யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இருந்தது. ஷிம்னா எழுந்து வந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காதருகே சொன்னாள்.

"டீச்சர், உம்மாட கபன் துணி ஒங்கட வீட்டுல ஈக்காமே. மக்காவுலேந்து கொண்டந்தது. அதுலதான் பொதியணுமெண்டு நேத்தும் சென்னாங்க. பகல் லுஹருக்குப் பொறகு குளிப்பாட்டுற. அதுக்கு முன்ன தந்தீங்கண்டா காணும்."

கபன் என்பது மையித்தை, இறந்தவரின் உடலை, சுற்றிப் பொதியும் வெள்ளைத் துணி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களில் சிலர் தங்களுக்கானதை அங்கேயே வாங்கி, ஸம்ஸம் என்ற புனிதக் கிணற்றின் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். வீட்டில் வைத்திருப்பார்கள், அந்த நாள் வரும் வரைக்கும்.

"ஓ மகள், பத்திரமா ஈக்கி" என்றது பலீலாவின் வாய்.

என்ன துணி, எப்போது தந்தது என்று அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.

படியிறங்கும்போது, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், நினைவு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

போன வருஷம், குல்தூம் தாத்தா ஹஜ் முடிந்து வந்த கிழமை. பலீலா மேசையில் உட்கார்ந்து, பிரஷர் குக்கர் விசில் பற்றி ஒரு குரல் பதிவு செய்துகொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது. குல்தூம் தாத்தா ஒரு ரோஸ் நிறப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பலீலா, பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். தாத்தா குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தார்.

"இது என்ட அமானிதம் டீச்சர். ஷிம்னா கண்டா அழுவா. என்ட அலுமாரியெல்லாம் அவ கிழமைக்கு ஒருக்காத் தொறந்து அடுக்குவா. அவட கை படாத எடம் ஒங்கட வீடுதான்."

பலீலா தலையை ஆட்டி, உள் அறையைக் காட்டினாள். தாத்தா போய்க் கட்டிலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். பதிவு நன்றாக வந்தது. நானூறு பேர் கேட்டார்கள். தாத்தா சொன்னதை மட்டும் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

அமானிதம். நம்பி ஒப்படைத்த பொருள். அதைப் பற்றி அவள் எத்தனை பயான் செய்திருக்கிறாள்! இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது பற்றி மட்டும் மூன்று.

வீட்டுக்குள் போனதும் அறையைத் திறந்து குவியல்மேல் விழுந்தாள். பெட்ஷீட்டுகள், அபாயாக்கள், ராசிக்கின் சாரங்கள், அப்ஹாமின் பாடசாலை டை, யாருடைய பிள்ளையுடையதோ ஒரு மழைக் கோட்டு, இரண்டு கரப்பான்பூச்சி. அள்ளி அள்ளிப் பின்னால் எறிந்தாள். ஏழு வருஷம் செய்யாத வேலையை முக்கால் மணி நேரத்தில் செய்தாள். கட்டிலின் மெத்தை தெரிந்தது. ரோஸ் பை இல்லை. அலுமாரியின் மேலே பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். இல்லை.

தண்ணீர் குடிக்கலாம் என்று குசினிக்குப் போனாள். கதவை இழுத்துத் திரும்பினாள்.

பை அங்கே இருந்தது. குசினிக் கதவின் பின்னால், ஆணியில், கண்ணுக்கு நேரே தொங்கியது. ரோஸ் நிறம், அதில் அரபு எழுத்தில் கடையின் பெயர். வாய் பிதுங்கப் பிதுங்க அதற்குள் பழைய சொப்பிங் பேக்குகள். மரக்கறி வாங்கி வரும் பைகளைத் தினமும் அவளே அதற்குள் திணித்திருக்கிறாள். தலைகீழாகக் கொட்டினாள். கடைசியில் ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தது. 'உம்மு குல்தூம். கபன். ஸம்ஸத்தில் நனைத்தது.'

துணி இல்லை.

ராசிக் கடைக்குப் புறப்படக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளவத்தை மார்க்கட் பக்கத்தில் துணிக்கடை. முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டுப் பார்த்து வாழ்கிறவர், அதிகம் பேசமாட்டார். குசினித் தரை முழுக்கப் பைகளும் நடுவில் மனைவியும் இருப்பதைப் பார்த்ததும் ஒற்றைச் சப்பாத்தோடு வந்து நின்றார்.

"என்னத்தத் தேடுற?"

"குல்தூம் தாத்தாட கபன் துணி. இந்த பேக்குல ஈந்தது. வெள்ளத் துணி. நீங்க எங்கயாச்சும் கண்டீங்களா?"

"நீளமான வெள்ளத் துணியா? மெல்லிசு, நல்ல நூலு?"

"ஓ!"

"வியாழக்கிழம வியாழக்கிழம விரிக்கிறியே, அது என்ன துணி?"

"அது நீங்க கடையிலேந்து கொண்டந்ததுதானே?"

"நானா?" என்றார் ராசிக். "அந்த நூலு என்ட கடையில இல்லயே. நீ எங்கயோ வாங்கினதெண்டுதான் நான் நெனச்ச."

 ஸிங்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பலீலாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை, அஸர் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது, பெண்கள் படியேறும் சத்தம் கேட்கிறது. வழக்கமாக விரிக்கும் வெள்ளை விரிப்பு மூன்று நாளாக வாளியில் ஊறி நாறிக்கொண்டிருக்கிறது. அவள் அறைக்குள் ஓடினாள், குவியலின் உச்சியில் கிடந்த பைக்குள் கையை விட்டாள், முதலில் வந்த வெள்ளையை உருவினாள். புத்தம் புதிது! அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே ஹோலில் விரித்தாள். சுவருக்குச் சுவர் வந்தது. காலியான பை உறுதியாக இருக்கிறதே என்று ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்குத் தாத்தா வந்தார். பலீலாவுக்கு இப்போது அது கண்ணெதிரே தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "வாங்க தாத்தா, உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க" என்று அவள்தான் கூப்பிட்டாள். தாத்தா, கால் படாமல், ஓரத்தில், கொஞ்சமாக, உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் எல்லாரும் போன பிறகு தாத்தா மட்டும் நின்றார். விரிப்பை உதறி, நுனியோடு நுனி சேர்த்து, உள்ளங்கையால் தடவித் தடவி, குர்ஆன் உறை அளவுக்கு மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் யாருடைய பிள்ளையோ அதில் தேத்தண்ணீரைக் கொட்டிவிட்டது. அடுத்த நாளே தாத்தா தேசிக்காய்ப் புளியும் உப்பும் கொண்டுவந்து முழங்காலில் உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்தார். கறை மங்கியது, போகவில்லை. பலீலா அந்த இரண்டையும் வீணாக்கவில்லை. 'கறை' என்று ஒரு பயான், 'மடிப்பு' என்று ஒரு பயான்.

"இப்ப எங்க அது?" என்று ராசிக் கேட்டார்.

அவள் பால்கனிப் பக்கம் நடந்தாள்.

போன வியாழக்கிழமை தாத்தா காய்ச்சலில் வரவில்லை. விரிப்பை மடிக்க ஆளில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. சனிக்கிழமை காற்றோடு மழை. பால்கனிக் கதவின் கீழால் தண்ணீர் ஹோலுக்குள் வந்தது. எப்படியும் தோய்க்க வேண்டியதுதானே என்று அவள் விரிப்பைச் சுருட்டிக் காலால் கதவடியில் தள்ளினாள். ஐந்து நாளாக அது அங்கேதான். கொடிக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல் மிதித்துக்கொண்டு போனாள்.

குனிந்து இழுத்தாள். ஈரத்தோடு கனத்தது. விரித்ததும் பூஞ்சண வாடை முகத்தில் அடித்தது. இரண்டு தலைப்பிலும் கரும்புள்ளி, நடுவில் அவளுடைய ரப்பர் செருப்பின் தடம்.

"அல்லாவே!" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸம்ஸத்தில் நனைத்த துணி. ஒரு மனுஷி தன் கடைசி உடுப்பு என்று கடல் கடந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த துணி. எதைக் கண்டாலும் பாடம் கேட்கும் அவளுடைய மனம் அந்தத் துணியின் முன்னால் ஊமையாகிப் போயிற்று.

ராசிக் துணியின் ஒரு நுனியைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"செல்லிடுவோம், பலீலா. அந்தப் புள்ளைக்கிட்டப் போய் உள்ளதச் செல்லிடு."

"இப்பயா? மையித்த வெச்சிக்கிட்டா? அந்தப் பொம்பளயளுக்கு முன்னாலயா?" அவள் எழுந்துவிட்டாள். "கடையில கபன் துணி ஈக்கிதானே? கொண்டாங்க. வெள்ளையெல்லாம் வெள்ளதான். ஷிம்னா இதக் கண்டதே இல்ல. பொறகு செல்லலாம். நாப்பதாம் நாள் கழியட்டும், ஆறுதலா நானே செல்ற."

பொறகு. அந்த உண்மையையும் அவள் கட்டிலில் போட்டாள்.

ராசிக் மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு போனார். பதினொன்றரைக்குத் துணியோடு வந்தார். கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். பலீலா ரோஸ் பையை ஈரத்துணியால் துடைத்து, புதுத் துணியை உள்ளே வைத்து, அதன்மேல் தாத்தாவின் காகிதத்தையும் வைத்தாள்.  

நாலாம் மாடியில் வியாழக்கிழமைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி முடித்திருந்தார்கள். அவளைக் கண்டதும் இடம்விட்டு ஒதுங்கினார்கள். பஹ்மியா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"டீச்சர், குரூப்ல தாத்தாக்காக ஒங்கட 'மடிப்பு' பயானப் போட்டன். கேளுங்களேன். எல்லாரும் அழுறாங்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் ஃபோனில் அழுத்திவிட்டாள். பலீலாவின் குரல், உறுதியான, இனிமையான குரல், மையித்து வீட்டில் கேட்டது.

"எங்கட குல்தூம் தாத்தாவப் பாருங்க. ஒரு விரிப்ப மடிக்கிறாங்க. அவங்கட துணியுமில்ல, அவங்கட வீடுமில்ல. ஆனா சொந்தத் துணிய மாதிரி எவ்வளவு மரியாதயா மடிக்கிறாங்க! மத்தவங்கட பொருளப் பேணுற பழக்கம் எங்களுக்கு ஈக்கா? நாங்க நம்மள நாமளே கேட்டுக்கணும்."

பெண்கள் விம்மினார்கள். பலீலாவுக்கு அந்தக் குரலின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

ஷிம்னா வந்தாள். பையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த முகம் மலர்ந்ததைப் பலீலாவால் தாங்க முடியவில்லை. ஷிம்னா காகிதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துணியை எடுத்தாள், ஒரு மடிப்பை விரித்தாள், இன்னொரு மடிப்பை விரித்தாள். திருப்பிப் பார்த்தாள். எதையோ தேடினாள்.

"இது அது இல்லயே, டீச்சர்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பை மாறிவிட்டதோ என்று கேட்கிற குரல். "அதுல தேத்தண்ணிக் கற ஈக்கெண்டு உம்மா சென்னாங்களே. தேசிக்கா போட்டும் போகல்லயாம். அது கெடக்கட்டும், கறையோடயே என்னப் பொதிஞ்சிடுங்க எண்டாங்க."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உம்மாக்கு..." பலீலா ஷிம்னாவின் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "உம்மாக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். வந்து விரிப்பப் பாத்திட்டு எனக்குக் கோல் எடுத்தாங்க. அண்டைக்குத்தான் எனக்குச் சென்னதே. என்ட கபன் மேல உக்காந்து பயான் கேட்டுட்டு வாறன் மகள் எண்டாங்க. நான் அழுதுட்டன். போய்க் கேளுங்க உம்மா எண்டு சென்ன. அத்தன பேருக்கு முன்னால டீச்சருக்கு வெக்கமாப் போகும், அவங்களே ஒரு நாளைக்கு நெனச்சுக் கேப்பாங்க எண்டாங்க." ஷிம்னா துணியை மெல்ல மடித்தாள். தாயின் அதே கை. "ஒவ்வொரு வியாழனும் கேப்பன். இன்னம் கேக்கல்ல, நல்லா மடிச்சு வெச்சிட்டு வந்தன் எண்டு செல்லுவாங்க."

முப்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஒரு வருஷமாக அதன்மேல்தான் உட்கார்ந்து பெட்டிஸ் தின்றிருக்கிறார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பஹ்மியா கையிலிருந்த ஃபோனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நான்தான் எடுத்து விரிச்ச" என்றாள் பலீலா.  "என்னண்டு பாக்காம எடுத்து விரிச்ச. இண்டைக்கி காலம்பறதான் தெரியும். தெரிஞ்சும் ஒங்கள ஏமாத்தத்தான் இதக் கொண்டந்தன். இது எங்கட கடைத் துணி."

"அது எங்க இப்ப?"

"பால்கனிக் கதவுக்குக் கீழ. மழத் தண்ணி வராம... நான்தான் காலால தள்ளி வெச்ச."

ஷிம்னாவின் முகம் ஒரு நொடியில் கிழவியின் முகமாயிற்று. திட்டுவாள் என்று பலீலா காத்திருந்தாள், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. ஷிம்னா தாயின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "அது மட்டும் உம்மாக்குத் தெரியாமப் போச்சு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கொண்டாங்க டீச்சர். எப்படி ஈந்தாலும் கொண்டாங்க."

பலீலா படியிறங்கியது அவளுக்கே தெரியாது. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து தோய்த்தாள். சவர்க்காரம் போட்டு, அலசி, மறுபடியும் போட்டு, மறுபடியும் அலசி. செருப்புத் தடம் போயிற்று. பூஞ்சணம் போகவில்லை. நகக்கண் எரியும் வரைக்கும் கசக்கினாள். இதில் என்ன பாடம் என்று மனம் பழக்க தோஷத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்தது. வாயை மூடு என்று அதனிடம் சத்தமாகவே சொன்னாள். வாசலில் நின்ற ராசிக் திடுக்கிட்டார்.

மொட்டை மாடியில் மே மாத வெயில். இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கொடியில் போடாமல், கையிலேயே வைத்துக் காயவைத்தார்கள். பாதி காய்ந்ததும் ராசிக் துணியை விரித்துக் கண்ணால் அளந்தார். கறுத்த தலைப்பு இரண்டையும் கடைக்காரக் கைகளால் நேராகக் கிழித்தார். நடுவில் சுத்தமாக மிஞ்சியது ஒரு சுற்றுக்குப் போதும். தேத்தண்ணீர்க் கறை அதில்தான் இருந்தது.

குளிப்பாட்டும் பெண் அதை வாங்கிப் பார்த்தாள். கறையைப் பார்த்துவிட்டு ஷிம்னாவைப் பார்த்தாள். ஷிம்னா தலையசைத்தாள். அந்தத் துண்டை உடம்போடு ஒட்டச் சுற்றினார்கள், மேலே ராசிக்கின் கடைத் துணி. கறை நெஞ்சுக்கு நேராக வந்தது. யாரும் அதைத் திருப்பவில்லை. பலீலா வாசல்படியில் நின்று பார்த்தாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

அஸருக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பயான் இல்லை.

பலீலா வீட்டுக்கு வந்து அறைக்குள் போனாள். காலையில் எறிந்த துணிகள் தரை முழுக்கக் கிடந்தன. கீழே உட்கார்ந்து முதலாவதை எடுத்து மடித்தாள். இரண்டாவதை மடித்தாள். வெளியே ரயில் ஒன்று போயிற்று, ஜன்னல் அதிர்ந்தது. பத்து, பதினைந்து துணி மடித்திருப்பாள். அந்த மழைக் கோட்டுக்குக் கீழே ஏதோ கையில் தட்டியது.

சின்னப் பொட்டலம். பூப்போட்ட கைக்குட்டையில் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. அவளுடையது அல்ல.

யார் தந்தது? எப்போது? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒரு முகமும் வரவில்லை. யாரோ ஒருத்தி இதை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, ஏதோ சொல்லியிருக்கிறாள். அப்போது இவள் கையைக் காட்டியிருக்கிறாள். அந்த ஒருத்தி இன்னும் வியாழக்கிழமை தோறும் வந்து, எதிரில் உட்கார்ந்து, சிரித்துவிட்டுப் போகிறாளோ என்னவோ.  முடிச்சை அவிழ்க்கக் கை போயிற்று. அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஃபோனை எடுத்துக் குழுவைத் திறந்தாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"நான் பலீலா. இண்டைக்கிப் பாடம் ஒண்டும் இல்ல. என்ட வீட்டுல ஆராச்சும் எதயாச்சும் அமானிதமாத் தந்து வெச்சீந்தா, வந்து கேளுங்க. எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு வெக்கமாப் போகுமெண்டு பாக்காதீங்க. கேளுங்க."

அனுப்பினாள். ஃபோனைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். அதை மடித்து முடிக்கவில்லை, ஃபோன் ஒரு தடவை அடித்தது. அவள் நிமிர்ந்தாள். உடனே இன்னொன்று வந்தது. பிறகு ஃபோன் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.